வேகன் ஆரா, இன்னோவாவா, ஈக்கோவா: அம்மா ஏறி இறங்க ஒரு பழைய வண்டி

வீட்டில் ஏற்கனவே ஒரு வண்டி இருக்கிறது. சின்ன செடான், நான் தினமும் கிருஷ்ணகிரிக்கு வேலைக்கு எடுத்துப் போவது. போன வருடம் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆன பிறகுதான் அதன் சீட் எவ்வளவு தாழ்வு என்று எங்களுக்கே உறைத்தது. உட்கார வைக்க ஒருத்தர், எழுப்ப இரண்டு பேர். காரிமங்கலத்தில் இருந்து தர்மபுரிக்கு வாரம் மூன்று நாள் பிசியோதெரபி, 20 கிலோமீட்டர் சொச்சம் தூரம், நான் வேலைக்குப் போய்விட்டால் வண்டியும் என்னோடு போய்விடும். அதனால் என் மனைவி ஓட்டுவதற்குத் தோதாக, பழையதாக, இடம் தாராளமாக, அம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்குகிற மாதிரி இரண்டாவதாக ஒரு வண்டி தேடினோம். பட்ஜெட் 3 லட்சத்துக்குள். கடைசியில் 2014 மாடல் வேகன் ஆர் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பவர், ஏசி, மைலேஜ் எல்லாம் எல்லோரும் பேசியாகிவிட்டது. எங்களுக்கு முடிவு செய்தது ஒரே விஷயம், சீட் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்பது. பிசியோதெரபி செய்கிற அம்மணி ஒரு நாள் சொன்னார், உட்காருகிற இடம் முட்டியை விடக் கொஞ்சம் உயரமாக இருந்தால்தான் இவர்களால் தானாக எழுந்திருக்க முடியும் என்று. யோசித்துப் பார்த்தால் அம்மா யாரையும் கூப்பிடாமல் எழுந்து வருவது வீட்டுத் திண்ணையில் இருந்து மட்டும்தான். உடனே ஒரு சணல் கயிறு எடுத்து, தரையில் இருந்து திண்ணை உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். அம்மா காலைச் சிரமமில்லாமல் தூக்கி வைக்கிற வாசல்படி உயரத்துக்குக் கீழே இன்னொரு முடிச்சு. மேல் முடிச்சு சீட்டுக்கு, கீழ் முடிச்சு வண்டியின் தரைக்கு. வண்டி பார்க்கப் போன இடத்தில் எல்லாம் முதலில் இந்தக் கயிற்றைத்தான் எடுத்தேன், பானெட்டைத் திறந்தது அப்புறம்தான்.

இன்னோவா வாங்கு என்று பிடிவாதமாக நின்றது மச்சான். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. 2005ல் வந்து 2016ல் கிரிஸ்டா என்ற அடுத்த மாடல் வரும் வரைக்கும் ஓடிய அந்தப் பழைய இன்னோவா மாதிரி இடம் வேறு எதிலும் இல்லை, நடு வரிசையில் உட்கார்ந்தால் வீட்டு சோபா மாதிரி இருக்கும், விற்கப் போனாலும் விலை இறங்காது. ஆனால் அதுவே வாங்குகிறவனுக்கு வினை, நல்ல கண்டிஷனில் இருந்தது எதுவும் எங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. பணத்தைக் கூட எப்படியாவது புரட்டியிருக்கலாம், கயிறு ஒத்துக்கொள்ளவில்லை. லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கிற வண்டி, அதனால் தரை கீழ் முடிச்சுக்கு நல்லா மேலே. சீட்டும் மேல் முடிச்சைத் தாண்டிவிட்டது. ஃபுட் போர்டு வைத்துக்கொள்ளலாம் என்றார் மச்சான். அப்போது ஒரு படி இரண்டு படியாகிறது, வாக்கரைக் கீழே விட்டுவிட்டு மேல் கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற வேண்டும். அம்மா ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார். அப்புறம் 2.5 டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட், கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றியே ஆக வேண்டும், மாற்றினார்களா என்பதற்கு பில் இல்லாவிட்டால் பழைய ஓனரின் வாய்ச்சொல்தான். பராமரிப்பில் இன்னோவா உண்மையில் எவ்வளவு இழுக்கும் என்பது நான் சொந்தமாக வைத்துப் பார்க்காத விஷயம், மச்சான் வண்டியில் போய் வந்த பழக்கம் மட்டும்தான்.

ஈக்கோ என்கிற மாருதி வேனை முதலில் நான்தான் விரும்பினேன். 2010ல் இருந்து வருகிற வண்டி, பக்கவாட்டில் தள்ளுகிற கதவு, எங்கள் தெரு மாதிரி சந்தில் கதவு சுவரில் இடிக்கும் கவலை இல்லை, பின்னால் வாக்கர், வீல்சேர், மாங்காய்க் கூடை எல்லாம் போகும். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் முன்னால் ஏறுவது ஏணி ஏறுவது போல. சரி, நடு சீட்டில் உட்காரட்டும் என்றால் அங்கேயும் தரை கீழ் முடிச்சுக்கு மேலேதான், அந்தக் கதவை இழுத்துச் சாத்த அம்மாவின் கைக்குப் பலம் போதாது. நாங்கள் ஓட்டிப் பார்த்ததில் பவர் ஸ்டியரிங் கிடையாது, பாலக்கோடு சந்தைக்குள் ஒரு தடவை திருப்பியதும் மனைவி சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓட்டியது அந்த ஒரு நாள்தான், அதனால் அதற்கு மேல் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

மாருதியின் ஏழு சீட் வண்டி எர்டிகாவும் பார்த்தோம். நல்ல வண்டி, எங்கள் விலைக்குக் கிடைத்தவை எல்லாம் ஓடி ஓடிக் களைத்தவை.

வேகன் ஆர் விஷயத்துக்கு வருகிறேன். 1999 கடைசியில் இங்கே வந்ததில் இருந்தே அது நின்ற வாக்கில் கட்டின வண்டி, நீளம் குறைவு, உயரம் அதிகம். 2010ல் வந்த இரண்டாவது மாடல்தான் எங்களுடையது, 998 சிசி, மூன்று சிலிண்டர். கயிற்றை வைத்ததும் சீட் மேல் முடிச்சுக்கு ஒரு விரல் கீழே நின்றது, தரை கீழ் முடிச்சுக்குச் சரியாக. கூரை உயரம் என்பதால் தலையைக் குனிய வேண்டியதில்லை, அதுதான் பாதி வேலை, ஏனென்றால் தலையைக் குனியும்போதுதான் முட்டியும் கூடவே மடிகிறது. அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பினார். நான் கை கொடுக்கப் போனேன். "கையைப் புடிக்காதடா, நானே ஏறிக்கிறேன்" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாயில் இருந்து நான் கேட்காத வார்த்தை அது. அங்கேயே அட்வான்ஸ் கொடுத்திருப்பேன், மனைவி தடுத்ததால் மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டிவிட்டுக் கொடுத்தேன்.

ஆனால் பழைய வண்டியில் இந்த உயரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பத்து வருடம் ஆள் உட்கார்ந்த சீட்டில் ஃபோம் அமுங்கிப் போயிருக்கும், அதனால் ஆளை உட்கார வைத்துத்தான் கயிறு பிடிக்க வேண்டும். எங்கள் வண்டியிலும் அப்படித்தான், கிருஷ்ணகிரியில் ஒரு குஷன் கடையில் கொடுத்து முன் இடது சீட்டில் ஒரு அங்குலம் ஃபோம் ஏற்றினேன், அந்த ஒரு விரல் குறையும் தீர்ந்தது. துணி உறை உடம்பைப் பிடித்துக்கொள்ளும், ரெக்ஸின் உறை வழுக்கும், திரும்பி உட்காருகிறவர்களுக்கு வழுக்குவதுதான் நல்லது. அடுத்து கதவின் ஸ்டாப்பர். முழுதாகத் திறந்து கையை எடுத்தால் கதவு அப்படியே நிற்க வேண்டும். தேய்ந்து போயிருந்தால் மேடான இடத்தில் கதவு தானாகத் திரும்பி வந்து காலில் அடிக்கும். இரண்டு கதவுக்கும் மாற்றினேன், பெரிய செலவு இல்லை, ஆனால் விற்கிறவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்.

பராமரிப்பில் சொல்ல அதிகம் இல்லை. டைமிங் செயின், பெல்ட் கவலை கிடையாது, காரிமங்கலம் மெக்கானிக்கே பார்த்துவிடுகிறார், சாமான் தர்மபுரியிலேயே கிடைக்கிறது.

குறைகளும் உண்டு. டிக்கி 180 லிட்டர்தான், வாக்கர் வைத்தால் பின் சீட்டை மடக்க வேண்டும், அப்போது நாலாவது ஆளுக்கு இடமில்லை. அகலம் குறைவு, பின்னால் மூன்று பெரியவர்கள் நெருக்கித்தான் உட்கார வேண்டும். எங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் இல்லை, இது சின்ன விஷயம் இல்லை. தொப்பூர் கணவாயில் பக்கத்தில் லாரி கடந்து போனால் வண்டி லேசாக ஆடுகிறது, அதனால் சேலத்துக்கு மருத்துவச் செக்கப்புக்குப் போகும் நாளில் நான் லீவு போட்டு செடானையே எடுக்கிறேன், அம்மா அன்று மட்டும் பொறுத்துக்கொள்கிறார். அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிற குடும்பம் என்றால் ஏர்பேக் இருக்கிற பிந்தைய மாடலாகத் தேடுங்கள், இந்த விஷயத்தில் என்னைப் பார்த்து வாங்காதீர்கள்.

ஓசூர் பக்கம் கேஏ நம்பர், அதாவது கர்நாடகப் பதிவு வண்டிகள் மலிவாக வரும். ஒன்றுக்கு நாங்களும் ஆசைப்பட்டோம். அங்கே இருந்து தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி, இங்கே ஆயுள் வரி திரும்பக் கட்டி, நம்பர் மாற்ற அலைந்து முடிக்கும்போது அந்த மலிவு காணாமல் போகும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நம்பர்களான டிஎன் 29, 24, 70க்குள்ளேயே பார்ப்பது நிம்மதி. வருடத்தையும் பாருங்கள், 15 வருடம் முடிந்தால் பதிவுச் சான்றை (ஆர்சி) புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600 ரூபாயில் இருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். எங்களுக்கு 2029 வரைக்கும் இருக்கிறது.

போன வாரம் நான் வேலையில் இருந்து வந்தபோது திண்ணை காலியாக இருந்தது. அம்மாவும் மனைவியும் பென்னாகரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார்கள்.