மறுக்கத் தெரிந்த நிரல்: கேவிஎம்மின் எஸ்விஇ ஆதரவு

ஆர்ம் செயலிகளின் எஸ்விஇ வெக்டர் கட்டளைகள் பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடுபவை. அவற்றை மெய்நிகர் இயந்திரத்துக்குள்ளும் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) ஓட்டும் வசதி, 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.2 பதிப்பில் கேவிஎம்முக்குக் கிடைத்தது. அத்தகைய இயந்திரங்களை ஓட்டும் பகுதியாக லினக்ஸின் மையமான கெர்னலில் இருப்பதுதான் கேவிஎம். ஆர்ம் சர்வர்களில் மெய்நிகர் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை என்பதால் இந்த நிரலை வரிவரியாகப் படித்திருக்கிறேன். கெர்னலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் இது ஒன்று.

எஸ்விஇயில் வெக்டரின் நீளம் செயலிக்குச் செயலி மாறும். 128 பிட்டிலிருந்து 2048 பிட் வரை இருக்கலாம். ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கணினியில் உள்ள ஏ64எஃப்எக்ஸில் 512, அமேசானின் கிராவிட்டன்3இல் 256. எஸ்விஇயின் ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் மதிப்புகளை வைத்திருக்கும் இடங்கள்) அனைத்தையும் சேமித்துவைக்க 256 பிட்டுக்கு 1,092 பைட் போதும். 2048 பிட்டுக்கு 8,736 பைட் வேண்டும். நீளம் முடிவாகாமல் நினைவகம் ஒதுக்க முடியாது.

அதற்காகவே விசிபியு (மெய்நிகர் செயலி) உருவாக்கத்தில் 'ஃபைனலைஸ்' என்று ஒரு தனிப் படியை வைத்தார்கள். அதற்கு முன்பு வெக்டர் நீளங்களைத் திருத்தலாம், ஆனால் விசிபியுவை ஓட்ட முடியாது. அது முடிந்த பிறகு விசிபியு ஓடும், நீளத்தில் கைவைக்க முடியாது. மீறினால் 'அனுமதி இல்லை' என்னும் இபெர்ம் பிழை வரும். எந்த நிலையில் எது செல்லும் என்பதில் குழப்பத்துக்கே இடமில்லை.

இந்த நிரலின் கெஸ்ட்.சி கோப்பில் நீளப் பட்டியலைச் சரிபார்க்கும் இடம் அருமையானது. ஏ64எஃப்எக்ஸில் 128, 256, 512 மூன்றும் உண்டு. நடுவில் உள்ள 256ஐ மட்டும் நீக்கித் தரும்படி கேட்டுப் பாருங்கள். 'தவறான மதிப்பு' என்னும் இஇன்வால் பிழையோடு கேவிஎம் மறுத்துவிடும். காரணம், ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை மேற்பார்க்கும் மென்பொருள், இங்கே கேவிஎம்) கையில் உள்ள இசட்சிஆர்_இஎல்2 ரெஜிஸ்டர் உச்ச நீளத்துக்குத்தான் வரம்பு வைக்கும். இடையில் ஒன்றை ஒளிக்க வன்பொருளில் வழியே இல்லை. செய்ய முடியாததைச் செய்வதுபோல் காட்டாத இந்தக் கண்டிப்பின் அருமை, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது தெரியும். 512 இல்லாத சர்வருக்கும் மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்து, கேவிஎம்மோடு சேர்ந்து மெய்நிகர் இயந்திரத்தை நடத்தும் நிரலான கியூஎமுவில் 512ஐ முதலிலேயே அணைத்து வைத்தால், உள்ளே ஓடும் நிரல் தொடக்கம் முதலே 256ஐத்தான் பார்க்கும். பாதி வழியில் நீளம் மாறிக் கணக்கு பாழாகும் அபாயம் இல்லை.

குறைகளும் உண்டு. 128 பிட் செயலியில்கூட ஒவ்வொரு இசட் ரெஜிஸ்டரையும் (எஸ்விஇயின் வெக்டர் ரெஜிஸ்டர்) 256 பைட்டாக, மிச்சத்தைச் சுழியத்தால் நிரப்பித்தான் கேவிஎம் தருகிறது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஹோஸ்ட் (மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் உண்மைக் கணினி) பக்கத்து ரெஜிஸ்டர்களைச் சேமிக்கும் வேலையைக் கடைசி நொடி வரை தள்ளிப்போட்டதுதான் உண்மையான பலவீனம். மெய்நிகர் இயந்திரம் வெக்டரைத் தொட்ட பிறகே சேமிப்பு நடந்தது. வேகத்துக்காகச் செய்த இந்த ஏற்பாட்டில் ஹோஸ்டின் எஸ்விஇ மதிப்புகள் சில வேளைகளில் தொலைந்தன. நினைவகத்தில் தரவை நகர்த்தும் மெம்மூவ் செயற்கூறு எஸ்விஇயைப் பயன்படுத்திய இடங்களில் கியூஎமுவே விழுந்தது. 2025இல்தான், விசிபியு உண்மைச் செயலியில் ஏறும்போதே ஹோஸ்டின் நிலையைத் தவறாமல் சேமித்துவிடும்படி மாற்றினார்கள். பழைய கெர்னலில் எஸ்விஇயை இயக்குபவர்கள், அந்தத் திருத்தம் தங்கள் பதிப்புக்கு வந்துவிட்டதா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

படிக்க விரும்புபவர்கள் கேவிஎம் ஏபிஐ (பிற நிரல்கள் கேவிஎம்மை அழைக்கும் முறை) ஆவணத்தில் 'ஃபைனலைஸ்' பற்றிய பத்தியை முதலில் படித்துவிட்டு கெஸ்ட்.சிக்குப் போங்கள். நிரலின் போக்கு எளிதில் பிடிபடும்.