ஒரே சூட்டுக்கு மூன்று சாட்சி: உறுதிக் காரணியோடு என் அனுபவம்

கோளாறு கண்டறியும் எக்ஸ்பர்ட் சிஸ்டம் (நிபுணரின் அறிவை விதிகளாக வைத்து முடிவு சொல்லும் நிரல்) ஒன்றை எழுதப்போகும் நண்பர், நிச்சயமின்மைக்கு சர்ட்டன்டி ஃபேக்டர் எனும் உறுதிக் காரணியே, அதாவது ஒரு விதியின் முடிவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் எண்ணே, போதுமா என்று கேட்டார். பம்புகளுக்கான விதித் தொகுப்பு ஒன்றை அந்த முறையில்தான் பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. நல்ல பேரிங் ஒன்றை வீணாகக் கழற்றிப் பார்த்த வாரம் அது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். "இப்படி அதிர்ந்தால் பெரும்பாலும் பேரிங்தான்" என்று அனுபவசாலி சொன்னால் 0.7 என்று போட்டுவிடலாம். பேரிங் கெட்டிருந்தால் இப்படி அதிர எவ்வளவு வாய்ப்பு என்பது போன்ற நிபந்தனை நிகழ்தகவு கேட்டு அவரைப் படுத்த வேண்டாம். ஏன் இந்த முடிவு என்று கேட்டால், எந்தெந்த விதி வழியாக வந்தது என்று காட்டும். 1970களில் மைசின் எனும் மருத்துவ எக்ஸ்பர்ட் சிஸ்டத்துக்காக ஷார்ட்லிஃபும் புக்கானனும் இதை வகுத்தபோது, மருத்துவர்களிடம் நிகழ்தகவு கேட்டு வாங்குவதிலும் இதே சிக்கல்தான் இருந்தது.

அப்புறம் அந்தக் கூட்டல். ஒரே முடிவை இரண்டு விதிகள் ஆதரித்தால், முதல் எண்ணோடு, முழு உறுதியான 1 வரை மீதியிருக்கும் இடைவெளியில் இரண்டாவதன் பங்கு சேரும். 0.6, 0.6 சேர்ந்தால் 0.84. இன்னொரு 0.6 வந்தால் 0.936. மூன்றும் தனித்தனிச் சாட்சியங்கள் என்றால் சரி. எங்களிடம் ஒன்று வெப்ப உணரி, ஒன்று அதே உணரியின் அலாரம், மூன்றாவது ஆபரேட்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னது. மூன்றும் ஒரே சூடு! குளிர்நீர் ஓட்டம் குறைந்ததால் வந்த சூடு. பேரிங்கில் ஒரு குறையும் இல்லை.

மூன்றையும் 'அல்லது' போட்டு ஒரே விதியாக்கினால் பெரிய எண் மட்டும் நிற்கும், 0.6. செய்தோம். ஆனால் அடுத்து வருபவர் நல்லெண்ணத்தோடு தனியாக ஒரு விதி சேர்ப்பார், எண் மறுபடி ஏறும். சிஸ்டம் எச்சரிக்காது. சாட்சியங்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் இந்தச் சேர்க்கையில் மறைந்திருக்கிறது என்று 1986லேயே ஆய்வாளர் ஹெக்கர்மன் காட்டிவிட்டார். இத்தனை காலம் கழித்தும் அதைக் கண்காணிப்பது பராமரிப்பவன் தலையில்தான் விழுகிறது என்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். சாட்சியங்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் எது எதைச் சார்ந்தது என்பதை நிகழ்தகவுகளோடு வரைபடமாக வைக்கும் பேயீசியன் நெட்வொர்க்குக்குப் போங்கள், எண்களைத் திரட்டும் சிரமம் இருந்தாலும் பரவாயில்லை. என் பம்புகளுக்கு மட்டும் பழையதையே வைத்திருக்கப்போகிறேன். பேரிங்கைக் கழற்றச் சொன்ன விதிகள் எவை என்று அன்றைக்கே எனக்குக் காட்டியதும் இதுதான்.