கினிபிக் கூண்டும் விரிப்பும்: இரண்டு வருடம் மாற்றி மாற்றிப் பார்த்ததில்

கருப்பியின் பின்னங்காலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த அன்றோடு எங்கள் முதல் கூண்டை ஒழித்துக்கட்டினேன். கினிபிக்குக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. பாதத்தின் அடியில் முடியே கிடையாது, வெறும் தோல்தான். அந்தத் தோல் குதிகால் பக்கம் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. ஓரத்தில் மெல்லியதாக ஒரு பொருக்கு. விரல் நுனி பட்டதுமே காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மருத்துவர் பார்த்துவிட்டு, பம்பிள்ஃபுட், அதாவது பாதத்தில் வரும் புண், ஆரம்ப நிலை என்றார். மருந்து எழுதுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி: "தரை என்ன தரை?"

கம்பித் தரை. கூண்டு விற்றவர் அதையே பெருமையாகச் சொல்லி விற்றார். புழுக்கை எல்லாம் கம்பி வழியாகக் கீழ்த் தட்டில் விழுந்துவிடும், தட்டை மட்டும் கொட்டினால் போதும் என்றார். இரண்டு கினிபிக்குக்குத் தாராளம் என்றும் சொன்னார். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 40. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் இரண்டரைச் சதுர அடி சொச்சம். கினிபிக் வளர்ப்பவர்கள் பரவலாகச் சொல்லும் குறைந்தபட்ச அளவே இரண்டுக்கு 7.5 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் என் இரண்டு பிள்ளைகளையும், கருப்பியையும் பஞ்சுவையும், நான்கு மாதம் அடைத்து வைத்திருக்கிறேன். அந்த மாதிரி கூண்டுகள் இன்னும் விற்பனையில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பெட்டியில் கினிபிக் படம் போட்டிருக்கிறதே என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். டேப் எடுத்து உள்ளளவை அளந்து பாருங்கள்.

அதற்குப் பிறகு நான் போனது கிரிட் கூண்டுக்கு. சதுரக் கம்பிச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்துச் சுவர் எழுப்பி, உள்ளே கோரோபிளாஸ்ட் தொட்டி வைப்பது. கோரோபிளாஸ்ட் என்றால் விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துவார்களே, உள்ளே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் அட்டை, அதேதான். சட்டம் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் 14 அங்குலம். அகலத்தில் இரண்டு, நீளத்தில் நான்கு வைத்தால் உள்ளே சுமார் 27க்கு 56 அங்குலம் கிடைக்கும். பத்தரைச் சதுர அடி. என் இரண்டு பெண்களுக்கு இது நிறைவாக இருக்கிறது. ஆண்கள் என்றால் இன்னும் ஒரு சட்டம் நீளம் கூட்டிவிடுவது நல்லது, இடம் நெருக்கடியானால் அவர்களுக்குள் சண்டை சீக்கிரம் வரும்.

தொட்டி செய்வதில் முதல் அட்டையைப் பாழாக்கினேன். சுற்றிலும் 6 அங்குல உயரத்துக்குச் சுவர் வேண்டும் என்பதால் 39க்கு 68 அங்குலம் வெட்டி எடுத்து, நான்கு பக்கமும் 6 அங்குலம் உள்ளே தள்ளிக் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டில் கத்தியால் மேல் படலத்தை மட்டும் கீற வேண்டும். நான் அழுத்திக் கீறியதில் இரண்டு படலமும் அறுந்து, சுவர் தனியாகக் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது அட்டையில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கத்தியை லேசாக ஓடவிட்டு, கீறிய பக்கம் வெளியே இருக்கும்படி மடக்கினேன். சுத்தமாக மடங்கியது. மூலையில் மிஞ்சும் காதுகளை வெளிப்பக்கம் மடித்து, டேப்பையும் வெளியே மட்டும் ஒட்டுங்கள். உள்ளே டேப் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்று ராத்திரியே கடித்து உரித்துவிடும்.

சட்டங்களோடு வரும் வட்டமான பிளாஸ்டிக் இணைப்பான்கள் எனக்குத் திருப்தி தரவில்லை. பஞ்சு இரண்டு முறை சுவரில் சாய்ந்ததும் ஒரு மூலை கழன்றுகொண்டது. அதன் மேலேயே கேபிள் டை போட்டு இறுக்கி, வாலை வெளிப்பக்கமாக நறுக்கிவிட்டேன். இரண்டு வருடமாக அசையவில்லை. சட்டம் வாங்கும்போது கம்பி இடைவெளியைப் பாருங்கள். ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம், குட்டிகள் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும்.

மாடி கட்டியது என் தவறு. சட்டம் மிச்சம் இருந்ததே என்று ஒரு மேல்தளமும் சரிவுப் பாதையும் வைத்தேன். மூன்றாம் நாள் பஞ்சு பாதி வழியில் வழுக்கி விழுந்தாள். அடி படவில்லை, ஆனால் அவள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கினிபிக் ஏறும் பிராணி கிடையாது. முதுகு நீளம், கால் குட்டை, சின்ன உயரத்தில் இருந்து விழுந்தாலும் எலும்பு போய்விடும். அன்றே மாடியைக் கழற்றிவிட்டேன். ஓடும் சக்கரம், உருளும் பந்து இவையும் அவற்றின் முதுகெலும்புக்கு ஆகாதவை.

இனி விரிப்பு. என் பணமும் பொறுமையும் அதிகம் கரைந்தது இதில்தான்.

முதலில் மரச்சீவல். மணமாக இருக்கிறதே என்று நான் எடுத்து வந்தது சிடார் மரத்துச் சீவல். அந்த மணம்தான் வினை. அதில் வரும் ஃபீனால் என்னும் ஆவி கினிபிக்கின் மூச்சுப்பாதையை அரிக்கும். இரண்டே நாளில் கருப்பி தும்ம ஆரம்பித்தாள், மூட்டையோடு வெளியேற்றினேன். பைன் சீவல் என்றால் சூளையில் உலர்த்தியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் அந்த எண்ணெய்ச் சத்து போயிருக்கும். ஆஸ்பென் சீவல் இந்தத் தொல்லை இல்லாதது, ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். பாதகமில்லை. ஆனால் ஈரத்தை அவ்வளவாகக் குடிக்காது, மூன்றாம் நாளே அடியில் நசநசக்கிறது. மரத்தூள் பக்கமே போகாதீர்கள், வெறும் தூசி. கட்டி பிடிக்கும் பூனை மணலும் கூடவே கூடாது, தின்றுவிட்டால் குடலுக்குள்ளும் கட்டிதான் பிடிக்கும்.

வைக்கோல் விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. காய்ந்த புல்லையும் வைக்கோல் என்றே பலர் சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு. வைக்கோல் என்பது கதிர் அறுத்த தாள். விறைப்பானது, கண்ணில் குத்தும், ஈரத்தையும் குடிக்காது, தின்னவும் அதில் சத்து இல்லை. காய்ந்த புல், திமோதி மாதிரி, அதுதான் இவற்றின் உணவு. கினிபிக்கின் பல் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். இருபத்துநான்கு மணி நேரமும் புல் கிடைக்க வேண்டும். ஆகவே புல்லை விரிப்பாகப் போட்டு அதன் மேல் சிறுநீர் கழிக்க விடுவது உணவைப் பாழாக்குவது.

செய்தித்தாள்? அடியில் ஒரு படலமாகப் போடலாம். அதை மட்டும் போட்டால் பத்து நிமிடத்தில் ஊறி, கால் வழுக்கும்.

காகிதக்கூழ் விரிப்பு நான் மனசார மெச்சும் பொருள். இரண்டு அங்குல உயரத்துக்குக் கொட்டினால் மெத்தென்று இருக்கிறது, ஈரத்தை அப்படியே குடித்துக்கொள்கிறது. கருப்பியின் காலில் புண் ஆறிவந்த வாரங்களில் முழுக் கூண்டிலும் இதைத்தான் போட்டேன். குறை என்றால் இரண்டு: மூட்டையின் அடிப்பகுதியில் தூள் அதிகம், சலித்துத்தான் போட வேண்டியிருக்கிறது, பஞ்சுவுக்கு நீள முடி, அதில் துணுக்கு துணுக்காக ஒட்டிக்கொள்கிறது. பத்தரைச் சதுர அடியை வாராவாரம் நிரப்பினால் மூட்டை எப்படிக் காலியாகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

கடைசியில் நான் நிலைத்து நின்றது ஃப்ளீஸ் துணியில், மெத்தென்ற செயற்கை இழைத் துணி அது. இதைப் பற்றிக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர், அவர்களில் பெரும்பாலோர் கடையில் இருந்து வந்த துணியை அப்படியே விரித்தவர்களாக இருப்பார்கள். புது ஃப்ளீஸ் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டு நிற்கும். அதன் மேல் கினிபிக் சிறுநீர் கழித்தால் அந்தக் குளத்திலேயேதான் உட்கார்ந்திருக்கும். துணியை வெந்நீரில், துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல், மூன்று நான்கு முறை துவைக்க வேண்டும். என் துணியில் மூன்றாவது சலவைக்குப் பிறகுதான் மாற்றம் தெரிந்தது. ஊற்றிய தண்ணீர் ஒரு கணம் நின்று, பிறகு சட்டென்று உள்ளே இறங்கியது. விரலால் தடவினால் மேலே ஈரம் தெரியவில்லை. அடியில் போட்டிருந்த துண்டைத் தூக்கினால் அது நனைந்திருந்தது. ஃப்ளீஸ் தானாகக் குடிக்காது, கீழே கடத்திவிடும், அவ்வளவுதான். அதனால் அடியில் பழைய பருத்தித் துண்டுகளை இரண்டு மடிப்பாவது போட வேண்டும். மென்மையாக்கும் திரவத்தை வீட்டில் யாரோ மறந்து ஒருமுறை ஊற்றிவிட்டார்கள், துணி மறுபடியும் தாமரை இலை ஆகிவிட்டது. திரும்ப இரண்டு முறை துவைத்த பிறகே சரியாயிற்று.

ஃப்ளீஸ் என்றால் வேலை குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு கினிபிக் ஒரு நாளைக்கு நூறு புழுக்கைக்கு மேல் போடும். எனக்கு இரண்டு. காலையும் மாலையும் சின்ன துடைப்பமும் முறமுமாகக் கூட்டுகிறேன். நான்கு நாளைக்கு ஒருமுறை துணி மாற்றுகிறேன். துவைக்கும் முன் ரப்பர் பிரஷால் முடியை வழித்து எடுத்து, ஜிப் வைத்த சலவைப் பைக்குள் போட்டுத்தான் மெஷினில் போடுகிறேன், இல்லையென்றால் முடி வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். அலசும்போது கொஞ்சம் வெள்ளை வினிகர், நாற்றம் போய்விடுகிறது. தொட்டியின் மூலையில் படியும் வெள்ளைப் பொடிக்கும் அதே வினிகர்தான். அது சிறுநீரில் வரும் கால்சியம். இருபது நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும்.

நாற்றத்தை முதலில் பிடிப்பது எங்கள் அம்மா. "அமோனியா அடிக்குது, துணியை மாத்து" என்று அடுத்த அறையில் இருந்தே சொல்லிவிடுவார். அவர் சொல்லும் வரை காத்திருப்பதும் தாமதம்தான் என்று பிறகு புரிந்தது. நம் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அவற்றின் மூக்கு துணியில் இருந்து ஒரு அங்குலத்தில். அமோனியா நுரையீரலைக் கெடுத்து நோய்த்தொற்றுக்கு வழி விடும். இப்போது தினமும் குனிந்து, துணிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து முகர்ந்து பார்க்கிறேன்.

எல்லாம் சேர்ந்து இப்போது இருக்கும் ஏற்பாடு கலப்பு. கூண்டின் ஒரு ஓரத்தில் 14க்கு 27 அங்குலத் தட்டு. அதில் காகித விரிப்பு, அதன் மேல் புல் கொட்டும் பெட்டி. மிச்சம் முழுக்க ஃப்ளீஸ். கினிபிக் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கம் உள்ளது. அதனால் புல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முக்கால்வாசி ஈரமும் புழுக்கையும் சேர்கிறது. அந்தத் தட்டை மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டிவிட்டால் துணி நான்கு நாள் தாங்குகிறது. இதைச் செய்வதற்கு முன்னால் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. புல் வைக்க உலோகக் கம்பிப் பந்து ஒன்று விற்கிறார்கள், அதை வாங்க வேண்டாம். தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அட்டைப்பெட்டியில் ஒரு ஓட்டை போட்டாலே போதும்.

ஒளிந்துகொள்ளும் வீடுகள் மூன்று வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று, உபரி ஒன்று. எல்லாவற்றுக்கும் இரண்டு வாசல். ஒற்றை வாசல் வீடு இருந்தபோது கருப்பி வாசலை மறித்து உட்கார்ந்துகொள்வாள், பஞ்சு உள்ளே பல்லை நறநறப்பாள். தண்ணீர்ப் புட்டியும் இரண்டு. ஒன்றில் உருண்டை சிக்கிக்கொண்டால் மற்றது இருக்கும். சொட்டும் புட்டியின் கீழே ஒரு கைக்குட்டை அளவு துணி போட்டு அதை மட்டும் தினம் மாற்றுகிறேன்.

கூண்டை வைத்த இடத்தையும் மாற்ற வேண்டி வந்தது. ஜன்னலோரம் வைத்திருந்தேன், பிற்பகல் வெயில் நேராக விழுந்தது. 18 முதல் 24 டிகிரி வரை இவற்றுக்குச் சுகம், 27க்கு மேல் போனால் வெப்பத் தாக்கு பயம். இப்போது உட்சுவர் ஓரம், டிவியில் இருந்து விலகி, முழங்கால் உயரப் பலகை மேல் இருக்கிறது. தரையில் இருந்தபோது நான் கிட்டே போனாலே சிதறி ஓடும். மேலே இருந்து கவியும் நிழல் என்றால் அவற்றுக்குப் பருந்துதான். பலகை மேல் ஏற்றியதில் இருந்து பிளாஸ்டிக் பை சரசரத்தாலே முன்னால் வந்து நின்று "வீக் வீக்" என்று கத்துகிறார்கள். புதுத் துணி விரித்த அன்று பஞ்சு நின்ற இடத்திலேயே துள்ளித் துள்ளிக் குதிப்பாள், சோளப்பொரி வெடிப்பதுபோல.

பஞ்சு ஃப்ளீஸ் ஓரத்தைக் கடிப்பதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை. ஓரத்தைத் துண்டுக்கு அடியில் செருகி, மேலே வீடுகளின் பாரத்தை வைத்துச் சமாளிக்கிறேன். துணியை உண்மையிலேயே விழுங்கும் கினிபிக் என்றால் ஃப்ளீஸை விட்டுவிட்டு முழுக்கக் காகித விரிப்புக்குப் போய்விடுங்கள். பஞ்சு கடித்துத் துப்புகிறாள், அதனால் விட்டிருக்கிறேன்.

மருத்துவர் கருப்பிக்கு எடையையும் குறைக்கச் சொல்லியிருந்தார். கனம் கூடினால் பாதத்தில் அழுத்தம் கூடும். ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைத் தராசில் எடை பார்ப்பேன், அப்படியே திருப்பி நான்கு பாதமும் பார்ப்பேன். அவள் குதிகாலில் சின்னதாக ஒரு தடிப்பு மிச்சம் இருக்கிறது. இப்போது விரலால் தொட்டால் காலை இழுத்துக்கொள்வதில்லை.