வீடு விற்க வாங்கிய வாசனைப் போத்தல்: கிளிநொச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

கனடாவில் வசிக்கும் என் அக்கா, கிளிநொச்சியில் உருத்திரபுரம் பக்கமாக உள்ள தன் வீட்டை விற்றுத் தரும்படி தன் சார்பில் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தை எனக்கு எழுதி அனுப்பினார். அதனுடன் ஓர் ஆலோசனையும் சொன்னார். அவர் இருக்கும் நாட்டில் வீடு விற்பவர்கள், பார்க்க வருபவர்களுக்காக வீட்டுக்குள் நல்ல மணம் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்களாம். "வாசலிலேயே மனம் பிடிச்சிட வேணும் தம்பி, ஒரு நல்ல வாசனைப் போத்தல் வாங்கி வை" என்றார். அவர் சொல்லைத் தட்டாமல் கொழும்பிலிருந்து மூன்று போத்தல்களைத் தருவித்தேன். மூன்று மாதங்கள் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வாங்கியது பிரம்புக் குச்சிகள் செருகும் வகை. 100 மில்லிலீற்றர் எண்ணெய், எட்டுக் குச்சிகள், எலுமிச்சம்புல் மணம். 60 நாட்கள் நீடிக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். பிரம்பிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே எண்ணெய் மேலேறி நுனியில் ஆவியாகிறது என்பதுதான் இதன் வேலை முறை. நெருப்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்பதால், மின் இணைப்புத் துண்டிக்கப்பட்டு நான்கு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இது பொருத்தமாகவே தோன்றியது. மணத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. செயற்கைப் பூவாசனைகளில் வரும் தித்திப்பு இதில் இல்லை.

ஆனால் நாள் கணக்கு வன்னிக்குப் பொருந்தவில்லை. சீற் கூரையின் கீழ், யூன் மாத வெக்கையில், முதற் போத்தல் 22 நாட்களில் வற்றிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. யன்னல்களைத் திறந்து வைத்தால் மணம் முழுவதையும் காற்று வளவுக்கு வெளியே கொண்டுபோய்விடுகிறது. பூட்டி வைத்தாலோ அறைக்குள் நுழைகிறவர் முகத்தில் அது அறைவதுபோல் வருகிறது. குளிரூட்டிய, மூடிய அறைகளை மனத்தில் வைத்துச் செய்த பொருள் இது என்றே நினைக்கிறேன். எங்கள் வீடுகள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை.

முதலில் வீடு பார்க்க வந்தவர்கள் வவுனியாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்தினர். வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, மூன்று போத்தல்களையும் விறாந்தையிலும் நடு அறையிலும் குளியலறையிலும் வைத்து, எட்டுக் குச்சிகளையும் போட்டுக் காத்திருந்தேன். எனக்கு வீடு மணமாகத்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தின் வயதான அம்மா நடு அறைக்குள் இரண்டடி வைத்ததும் நின்று, "தம்பி, இங்கை என்னத்தை மறைக்கிறதுக்கு இவ்வளவு வாசம்?" என்று கேட்டார். அடுத்ததாக அவர் கேட்டது 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளம் வீட்டுக்குள் வந்ததா என்பதுதான். வெள்ளம் வரவில்லை. ஆனால் என் பதிலை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சுவரின் அடிப்பகுதிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெளியேறினார்கள்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகள் மூழ்கிய அந்த நாட்களை இங்கே எவரும் மறக்கவில்லை. ஆகையால் வீடு வாங்க வருபவரின் மூக்கு ஈரத்தைத்தான் முதலில் தேடுகிறது. அது கிடைக்காமல் வேறொரு கனத்த வாசனை வந்தால், அந்த வாசனையே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது.

எனக்கு மணமாக இருந்த வீடு அவருக்கு ஏன் வேறாக இருந்தது என்பதற்கும் காரணம் உண்டு. ஒரே வாடைக்குள் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகி அதை உணர்வதை நிறுத்திவிடும். நானோ காலையிலிருந்து அங்கேயே இருந்தேன். மறுநாள் அயல்வீட்டுத் தங்கச்சியை அழைத்துவந்து, உள்ளே நுழைந்தவுடன் என்ன மணக்கிறது என்று கேட்டேன். "எலுமிச்சம்புல்லும் வௌவாலும்" என்றார். வாசனை எண்ணெய் எந்த நாற்றத்தையும் அகற்றுவதில்லை. அதன்மேல் இன்னொன்றைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். போத்தலின் பெட்டியில் "துர்நாற்றத்தை நீக்கும்" என்று எழுதியிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதன் பின்னர் போத்தல்களை மூடி வைத்துவிட்டு நாற்றங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். சீற்றுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளிகளை, வௌவால்கள் பொழுதுபடப் பறந்து போனபின் வலையடித்து மூடினோம். எச்சத்தை உலர்ந்தபடி கூட்டினால் தூசி மூச்சுக்குள் போகும் என்பதால், முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து நனைத்த பின்னரே அள்ளினோம். குளியலறையிலிருந்து வந்த கழிவுக்குழி நாற்றத்துக்கு நான் குழாய் வெடிப்பைத்தான் சந்தேகித்தேன். வந்து பார்த்த மேசன் அண்ணை இரண்டு வாளி தண்ணீரை ஊற்றியே அதை நிறுத்தினார். கழிவுநீர்க் குழாயின் வளைவில் எப்போதும் தேங்கி நிற்கவேண்டிய தண்ணீர், பூட்டிய வீட்டில் வற்றிவிடுகிறது. தடுப்பு இல்லாததால் குழியின் வாயு நேரே அறைக்குள் வருகிறது. வெளிநாட்டு உறவினரின் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்திருக்கவேண்டும்.

பின்னறைச் சுவரின் பூஞ்சண வாடைக்குக் காரணம், முகட்டுப் பீலி உடைந்து மாரி மழை சீமெந்துக் கல்லுக்குள் இறங்கியதுதான். ஈரம் இருக்கும்வரை பூஞ்சணம் வளரும், பூஞ்சணம் வளரும்வரை வாடையும் வரும். பீலியை மாற்றி, சோளகத்தில் மூன்று கிழமை காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தோம். சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்தை எளிதில் வளரவிடாது. அலுமாரிகளில் அக்கா போட்டு வைத்திருந்த நப்தலீன் உருண்டைகளையும் அகற்றினேன். அவற்றின் ஆவி, பிறவியிலேயே ஒருவகை நொதியக் குறைபாடுள்ள குழந்தைகளின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கக்கூடியது. குழந்தைகளுடன் பார்க்க வருபவர்களும் இருப்பார்கள்.

இரண்டாவதாக வந்தவர்களுக்குச் சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். அதுவும் சரிவரவில்லை. வந்தவருக்கு முட்டு வருத்தம் இருந்தது, புகையில் நிற்க முடியவில்லை. அதோடு, தளபாடங்கள் இல்லாத வெறும் வீட்டில் கனத்த சாம்பிராணி மணம் செத்தவீட்டை நினைவுபடுத்துகிறது என்று தரகர் பிறகு சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் ஆட்கள் வாழும் வீட்டில் மங்களமாக இருப்பது, ஆளில்லாத வீட்டில் வேறு பொருள் தருகிறது.

வாசனையும் வாங்குபவர் மனமும் பற்றி அமெரிக்காவின் எரிக் ஸ்பாங்கன்பர்க் முதலியோர் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சுவிற்சர்லாந்தில் வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில், தோடம்பழத்தின் தனி மணம் இருந்தபோது வாடிக்கையாளர்கள் சராசரியாக 20 வீதம் அதிகமாகச் செலவழித்தார்கள். பல மணங்களைக் கலந்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. கடையில் பொருள் வாங்குவதும் காணியோடு வீடு வாங்குவதும் ஒன்றல்ல. ஆயினும் எளிய, பழகிய, ஒற்றை மணமே போதும் என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

மூன்றாவதாகப் பரந்தனிலிருந்து ஒரு ஆசிரியத் தம்பதியர் வந்த நாளில், எல்லா யன்னல்களையும் திறந்து, குளியலறையில் மட்டும் ஒரு போத்தலை இரண்டு குச்சிகளோடு வைத்தேன். குசினியில் என் மனைவி மல்லி சேர்த்துக் கோப்பிக்கொட்டை வறுத்தார். வந்தவர்களுக்குக் கொடுக்கத்தான் வறுத்தோம், கொடுத்தோம். அந்த ஆசிரியை குசினியில் வெகுநேரம் நின்று அடுப்புத் திட்டின் உயரத்தையும் புகைபோக்கியையும் பார்த்தார். வாசனை பற்றி எவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. கணவர் கேட்டவை உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேமிற் காணியா என்பதும், கிணறு ஆவணியில் வற்றுமா என்பதும்தான். பேமிற் காணியாக இருந்திருந்தால், பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் எந்த மணமும் அதைக் கைமாற்றியிராது. உறுதிக் காணி என்பதால் பேச்சு விலைக்கு நகர்ந்தது. புரட்டாதியில், மாரி தொடங்குவதற்கு முன், எழுத்து முடிந்தது. கேட்ட விலையில் சிறிது குறைத்தேன். வாசனையால் விலை கூடியது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

பொருளைப் பற்றிச் சொல்வதானால், காற்றோட்டம் குறைந்த சிறிய குளியலறைக்கு இது நல்லது. இரண்டு குச்சிகளுக்கு மேல் போடவேண்டாம். அப்படி வைத்த கடைசிப் போத்தல் ஐந்து கிழமை தாண்டியும் பாதி இருக்கிறது. சீமெந்து நிலத்தில் எண்ணெய் சிந்தினால் கறை போகாது, அடியில் ஒரு தட்டு வையுங்கள். வீடு விற்பதற்கென்று மூன்று போத்தல்கள் வாங்க எண்ணுபவர்கள் ஒன்றை மட்டும் வாங்கி, மிகுதிக் காசைப் பீலிக்கும் சுண்ணாம்புக்கும் வைத்துக்கொள்ளலாம்.