10-க்கு 12 அடி அறையில் இசை: தனி ஆம்ப்ளிஃபயரா, ஆக்டிவ் ஸ்பீக்கரா, ஹெட்ஃபோனா?

வீட்டில் நிதானமாக உட்கார்ந்து இசை கேட்பதற்கென்று சுமார் 50,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருப்பவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரையும் அவற்றை இயக்கத் தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயரையும் வாங்கலாம். ஆம்ப்ளிஃபயரைத் தன் பெட்டிக்குள்ளேயே கொண்ட ஆக்டிவ் ஸ்பீக்கர் ஜோடியை வாங்கலாம். இரண்டையும் விட்டு நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை வாங்கி, மீதிப் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். இம்மூன்றையும் பற்றி வெளிவரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட சுவர்களுக்குள், தடித்த தரைவிரிப்பின் மேல் கேட்டு எழுதப்பட்டவை. செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, டைல்ஸ் தரை, தலைக்கு மேல் மின்விசிறி என்றிருக்கும் நம் அறைக்குள் வந்ததும் அதே பொருள்களின் தரவரிசை மாறிவிடுகிறது. ஆகவே 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அப்படிப்பட்ட ஓர் அறையையும், கச்சேரிப் பதிவுகளும் பழைய திரைப்பாடல்களும் அதிகம் கேட்பவரையும் மனத்தில் வைத்தே இம்மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

அறையை முதலில் பார்த்துவிட வேண்டும். 12 அடி என்பது 3.66 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்வதாகக் கொண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அலை முட்டித் திரும்பி வலுக்கும் முதல் அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு அது 57 ஹெர்ட்ஸ். பழைய வீடுகள் பலவற்றில் கூரையும் 10 அடி உயரத்தில் இருப்பதால் அந்த 57 ஹெர்ட்ஸ் இரட்டை வலுவோடு நிற்கிறது. இவற்றின் இரு மடங்குகளும், அதாவது 94-ஐயும் 113-ஐயும் ஒட்டிய அதிர்வெண்களும், சேர்ந்துகொள்கின்றன. பலகைச் சுவராக இருந்தால் தானும் அதிர்ந்து இந்தத் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியை உறிஞ்சும், இன்னொரு பகுதியை வெளியே விட்டுவிடும். செங்கல் சுவரோ வந்ததை ஏறத்தாழ முழுமையாகத் திருப்பி அனுப்பும். இதனால் முதலில் அடிபடுவது மிருதங்கம். அதன் இடப்பக்கமான தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பி வரவழைக்கும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் ஒரே இடத்தில் நிற்பதில்லை; வழுக்கி ஏறி இறங்குவதுதான் அதன் அழகு. இந்த அறையில் அது போகும் வழியில் ஓரிடத்தில் வீங்கி இரைகிறது, அடுத்த இடத்தில் காணாமல் போகிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் வித்துவானுக்குப் பின்னால் ஒலிக்கும் தம்புராவின் மந்தர ஷட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ் என்பதால் அதுவும் இந்தச் சிக்கலின் எல்லைக்குள்தான் வருகிறது.

தனி ஆம்ப்ளிஃபயர், தனி ஸ்பீக்கர் என்ற பழைய முறையின் முதல் சாதகம், பெட்டியின் வகையை நாமே தேர்ந்துகொள்ள முடிவதுதான். துளை வைத்த பெட்டி, தாழ்ந்த ஒலியை ஓர் எல்லைவரை தூக்கிக் கொடுத்து, அதற்குக் கீழே ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 24 டெசிபல் என்ற வேகத்தில் சரிகிறது. முழுக்க மூடிய பெட்டியில் சரிவு முன்னதாகவே தொடங்கினாலும் அதன் வேகம் ஆக்டேவுக்கு 12 டெசிபல்தான். சிறிய அறை தாழ்ந்த ஒலியைத் தானாகவே கூட்டிக் கொடுப்பதால், அந்தக் கூடுதலும் மூடிய பெட்டியின் மெதுவான சரிவும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்துவிடுகின்றன. 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ இந்த இனத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 5 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த மூடிய பெட்டிக்கு, இட நெருக்கடி மிகுந்த வண்டிக்குள் அறிவிப்பாளரின் குரல் குரலாகவே கேட்கிறதா என்று காட்டுவதுதான் வேலை. அதனாலேயே அது வாய்ப்பாட்டு ரசிகர்களின் விருப்பமாகப் பல பத்தாண்டுகள் நீடித்தது. இன்று அந்த வடிவில் புதிதாக வருபவற்றின் விலை நம் ஒதுக்கீட்டைப் பல மடங்கு தாண்டும். மலிவு விலையில் மூடிய பெட்டிகளும் அரிது. ஆனால் சாதாரணத் துளைப் பெட்டியின் துளையில் ஒரு பஞ்சுத் தக்கையைச் செருகினால் அது ஏறக்குறைய மூடிய பெட்டியாக நடந்துகொள்ளும். சில நிறுவனங்கள் அந்தத் தக்கையைப் பெட்டியுடனேயே கொடுக்கின்றன.

அப்படிச் செய்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, குறைந்துவிடாதா என்ற கவலை, குறிப்பாக இளையராஜாவின் 1980களின் பாடல்களில் பேஸ் கிட்டார் போடும் தனிப் பாதையைத் தேடிக் கேட்பவர்களுக்கு, இயல்பானது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி மீட்டும்போது 41 ஹெர்ட்ஸ். சிறிய பெட்டி எதுவும் அதை முழு வலுவோடு தராது. எனினும் அந்த ஸ்வரத்தின் மேல் அடுக்குகளான 82, 123 ஹெர்ட்ஸ் ஒலிகள் வந்தால் போதும், அடி ஸ்வரத்தைக் காது தானே ஊகித்துக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோவில்கூட அந்தப் பேஸ் பாதைகளை ஒரு தலைமுறை பின்தொடர்ந்து ரசித்ததற்கு இதுவே காரணம். இந்த அறைக்கு, தாழ்ந்த ஒலிக்கென்றே தனியாக வைக்கும் சப்வூஃபர் வேண்டாம் என்பதே என் முடிவு. கீழ்வீட்டுக்காரரின் முடிவும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கரை 2.5 மீட்டர் தூரத்திலிருந்து கேட்க, சராசரியாகச் சில வாட்டே செலவாகும். தனி ஆவர்த்தனத்தின் உச்சங்களுக்கும் சேர்த்து 40 வாட் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல் என்பதை நினைவில் வைத்தால், 100 வாட்டுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தை ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடத் தோன்றும். விலையுயர்ந்த ஸ்பீக்கர் வயரைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

ஆக்டிவ் ஸ்பீக்கரின் பலம் பொறியியலில் இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கரில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்த முழுச் சக்தியும் சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட, ஒலியைப் பிரிக்கும் கிராஸ்ஓவரைக் கடந்த பிறகுதான் தாழ்ந்த ஒலிக்கான வூஃபருக்கும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கும் பிரிந்து செல்கிறது; அங்கே கொஞ்சம் சக்தியும், வூஃபரை இழுத்துப் பிடிக்கும் கட்டுப்பாட்டில் கொஞ்சமும் போய்விடுகின்றன. ஆக்டிவ் முறையில் பிரிப்பு வேலை சிறிய மின்னழுத்த நிலையிலேயே முடிந்து, வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனி ஆம்ப்ளிஃபயர்கள் நேரடியாக இணைகின்றன. ஸ்டுடியோக்களுக்காக 1978-இல் பின்லாந்தில் தொடங்கிய ஜெனெலெக்கும், இங்கே கொல்கத்தாவின் சோனோடைனும் பின்பற்றுவது இந்த வழியைத்தான். நல்ல மாடல்களின் முதுகில் தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் பொத்தான்கள் உண்டு. செங்கல் அறைக்கு அவை வரப்பிரசாதம். ட்வீட்டரைச் சுற்றி அகன்ற குழிவு அமைத்து, நேரெதிரே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஒலி சீராகப் பரவும்படி இவற்றில் பலவற்றை வடிவமைக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் ஒலியியல் ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்கவைத்து நடத்திய சோதனைகள், மக்கள் தொடர்ந்து விரும்புவது அப்படிப்பட்ட ஸ்பீக்கரைத்தான் என்று காட்டின. வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அதிகமுள்ள நம் அறையில் இந்தக் குணத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. கடையில் 'பவர்டு' என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஆக்டிவ் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும்; அவற்றில் பலவற்றில் ஒரே பெட்டிக்குள் ஓர் ஆம்ப்ளிஃபயரை வைத்து, பழைய கிராஸ்ஓவரையே மாட்டியிருப்பார்கள்.

ஒலியை மட்டும் அளவுகோலாக வைத்தால் அதே பணத்துக்கு ஆக்டிவ் ஸ்பீக்கரே முந்துகிறது. ஆனால் நம் ஊர் மின்சாரமும் வெயிலும் ஈரமும் அந்தத் தீர்ப்பைத் திருத்துகின்றன. இரு பெட்டிகளுக்கும் அருகிலேயே மின்இணைப்பு வேண்டும். மூன்றாவது பின்னில் எர்த் சரியாக இல்லாத வீட்டில் கணினியுடன் இணைத்த உடனேயே உறுமல் கேட்கும். வெளி இரைச்சலை நீக்கும்படி அமைந்த பேலன்ஸ்டு கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கும், ஆனால் அதற்கேற்ற வெளியீடு மூலக்கருவியிலும் இருக்க வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது எழும் இரைச்சல் இன்னொரு தொல்லை. இவற்றையெல்லாம் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது, பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை உத்தரவாதக் காலம் முடிந்தபின் எரிந்துபோவது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பாகங்கள் ஒட்டிய அந்தப் பலகையை உள்ளூர் மெக்கானிக் தொடமாட்டார். நிறுவனம் புதுப் பலகை அனுப்பாவிட்டால் நல்ல நிலையிலுள்ள வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்து வீணாகும். தனி ஆம்ப்ளிஃபயர் பழுதானால், சென்னை ரிச்சி தெருவிலோ மதுரையிலோ கோவையிலோ அதைத் திறந்து அவுட்புட் டிரான்சிஸ்டரை மாற்றித் தருபவர் இன்னும் இருக்கிறார், ஸ்பீக்கரும் அதுவரை வேறோர் ஆம்ப்ளிஃபயரில் பாடிக்கொண்டிருக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகள் ஒரே கருவியோடு வாழ நினைப்பவருக்கு நான் பழைய முறையைப் பரிந்துரைப்பது இந்த ஒரு காரணத்தினால்தான். பழைய ஸ்பீக்கர் வாங்குபவர் மட்டும் வூஃபரின் அதிரும் கூம்பான கோனின் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும்: ரப்பர் விளிம்பு நீடிக்கும், ஃபோம் விளிம்பு நம் புழுக்கத்தில் பொடியாக உதிரும்.

ஹெட்ஃபோன் இந்த அறைச் சிக்கலை முழுவதும் தாண்டிவிடுகிறது. சுவரும் இல்லை, 57 ஹெர்ட்ஸும் இல்லை. 1997-இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் சென்ஹைசர் எச்டி 600 போன்ற, காதுக்கிண்ணத்தின் பின்புறம் மூடப்படாத திறந்த வகை ஹெட்ஃபோன், பல லட்ச ரூபாய் ஸ்பீக்கர்களும் தடுமாறும் நுணுக்கத்தைத் தருகிறது. வயலினில் வில் திரும்பும் இடம்கூடத் தனியாகக் கேட்கும். அதன் மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம் என்பதால் செல்போனில் நேரடியாகச் செருகினால் ஒலி மெலிந்திருக்கும், சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று தேவைப்படும். நம் ரசிகரின் சேகரிப்பு இன்னொரு விதத்தில் இதற்கு இடைஞ்சலாகிறது. பழைய திரைப்பாடல்களும் வானொலிக் கச்சேரிகளும் மோனோ. இரண்டு ஸ்பீக்கரில் கேட்டால் பாடகர் எதிரில் இருப்பதுபோலத் தோன்றும் அவை, ஹெட்ஃபோனில் மண்டையின் நடுவே குறுகி நின்றுவிடுகின்றன. ஆரம்பகால ஸ்டீரியோப் பதிவுகளில் தபேலா ஒரு காதிலும் வீணை மறு காதிலும் முழுமையாக ஒதுங்கியிருக்கும். ஸ்பீக்கரில் இரு காதுக்கும் கலந்து வரும் அந்த ஒலி, ஹெட்ஃபோனில் கலக்காமலே வந்து விரைவில் அலுப்பைத் தருகிறது. குரலும் வாத்தியமும் தலைக்கு வெளியே ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புபவருக்கு இது பெரிய குறை. அதோடு, வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து கேட்க வழியில்லை.

மின்விசிறியைப் பற்றி விமர்சனங்கள் எதுவும் பேசுவதில்லை. அதன் காற்றிரைச்சல், பல்லவிக்கு முன் வரும் தானத்தின் அமைதியான இடங்களை மூடிவிடுகிறது. சுழலும் இறக்கைகள் உயர்ந்த ஒலியை வெட்டி வெட்டி அனுப்புவதால், நீண்ட கார்வையில் இல்லாத நடுக்கம் கேட்கிறது. ஸ்பீக்கரை அதன் நேர்க்கீழிலிருந்து நகர்த்தி, வேகத்தைக் குறைப்பதே வழி. திறந்த ஹெட்ஃபோன் இந்த இரைச்சலை அப்படியே உள்ளே விடும். மூடிய ஹெட்ஃபோன் தடுக்கும், ஆனால் மே மாதத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் காதில் வைத்திருப்பது கடினம்.

எனவே, மேசை முன் அமர்ந்து ஒரு மீட்டர் தூரத்தில் கேட்பவர் ஆக்டிவ் ஸ்பீக்கரை வாங்கட்டும். அவ்வளவு அருகில் அறையின் குறுக்கீடும் குறைவு. இரவு பத்துக்குமேல்தான் நேரம் கிடைக்கும் என்பவருக்கு ஹெட்ஃபோன். மற்றவர்களுக்கு, பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஸ்பீக்கருக்கும், மீதியில் எளிய ஆம்ப்ளிஃபயருக்கும், பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்தும் ஸ்டாண்டுக்கும் பிரிப்பதே பொருத்தம். தரையில் ஜமக்காளம் மட்டும் விரித்தால் உயர்ந்த ஒலிதான் அடங்கும், பேஸ் இரைச்சல் அப்படியே இருக்கும். மூலையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்துவது அதைவிடப் பயன் தரும். கடைக்குப் போகும்போது நன்கு பழகிய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கொண்டுபோய், ஒப்பிடும் இரண்டு ஜோடிகளின் ஒலி அளவையும் செல்போனின் டெசிபல் செயலியால் சமப்படுத்தச் சொல்லுங்கள். ஓரிரு டெசிபல் உரக்கக் கேட்பதையே நல்லது என்று காது எடுத்துக்கொள்ளும் என்பது விற்பவர்களுக்கும் தெரியும்.