ஆப்ட், சூஸ், செலக்ட், பிக்: எதை எங்கே போடுவது?

அகராதியைப் புரட்டினால் இந்த நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் ‘தேர்ந்தெடு’ என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் பல இடங்களில் வாக்கியம் உடையும். இந்தச் சொற்களுக்குப் பொருளில் வேறுபாடு உண்டு. ஆனால் அவற்றை அடுத்து என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்.

அதிகம் அடிபடுவது ஆப்ட். விண்ணப்பக் கடிதங்களில் ‘ஐ ஆப்ட்டட் பயாலஜி’ என்ற வாக்கியம் சர்வ சாதாரணம். அது பிழை. ஆப்ட் நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்காத வினை. பெயர்ச்சொல் வந்தால் நடுவே ‘ஃபார்’ வேண்டும்: ‘ஐ ஆப்ட்டட் ஃபார் பயாலஜி’. வினைச்சொல் வந்தால் ‘டு’ வேண்டும்: ‘ஷி ஆப்ட்டட் டு ஸ்டே’. ‘த கோர்ஸ் ஆப்ட்டட் பை ஹர்’ என்பதும் இதே காரணத்தால் தவறு; ‘த கோர்ஸ் ஷி சோஸ்’ என்று மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ‘சூஸ் பயாலஜி’, ‘செலக்ட் பயாலஜி’ இரண்டும் சரியாக இருப்பதால் ஆப்ட்டும் அப்படித்தான் என்று காது ஏமாந்துபோகிறது. தமிழில் எந்த வினையைப் போட்டாலும் ‘பயாலஜியை’ என்று ஒரே உருபு போதுமே, அந்தப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

ஆப்ட்டின் வேர் லத்தீனில் ‘விரும்பு’ என்று பொருள்படும் வினை. ஆப்ஷன், ஆப்ஷனல், தத்தெடுப்பதைக் குறிக்கும் அடாப்ட் எல்லாம் அந்தக் குடும்பம்தான். இதில் அழுத்தம் பெறுவது பாதை: இரண்டு மூன்று வழிகள் ஏற்கெனவே முன்னால் இருக்கின்றன, மற்றவற்றை விட்டு ஒன்றில் போகிறோம். அறுவை சிகிச்சையா மாத்திரையா, வீட்டிலிருந்து வேலையா அலுவலகமா என்ற மாதிரி முடிவுகளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். மேசையில் கிடக்கும் பேனாக்களில் ஒன்றை எடுப்பதற்கு ஆப்ட் போட்டால் சிரிப்பு வரும்.

இந்தச் சொல்லுக்கு மட்டுமே உள்ள இரண்டு வடிவங்கள் ஆப்ட் இன், ஆப்ட் அவுட். சூஸ் அவுட், செலக்ட் இன் என்றெல்லாம் இதற்கு மாற்று கிடையாது. ஆப்ட் இன் என்றால் நீங்களாகச் சம்மதித்தால்தான் சேர்ப்பார்கள். ஆப்ட் அவுட் என்றால் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்கள், வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உறுப்பு தானத்தில் வேல்ஸ் 2015 டிசம்பரிலும் இங்கிலாந்து 2020 மே மாதத்திலும் ஆப்ட் அவுட் முறைக்கு மாறின. அங்கே மறுப்பைப் பதிவு செய்யாத பெரியவர்கள், சில விதிவிலக்குகள் தவிர, சம்மதித்தவர்களாகக் கொள்ளப்படுவார்கள். 2018 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்துக்கு எதிர்த்திசையைப் பிடித்தது: முன்கூட்டியே டிக் அடித்துவைத்த பெட்டியைச் சம்மதமாகக் கொள்ள முடியாது, பயனரே டிக் அடிக்க வேண்டும். படிவத்தில் ‘ஆப்ட் அவுட்’ என்று இருந்து நீங்கள் சும்மா விட்டால் உள்ளே இருப்பீர்கள். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர். எழுதும்போது ‘ஆப்ட் அவுட் ஆஃப்’ என்று ‘ஆஃப்’ சேர்க்க மறக்கக்கூடாது.

சூஸ் எல்லாவற்றையும் தாங்கும். பொருள், ஆள், ‘டு’ சேர்ந்த வினை, ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’, ‘ஓவர்’ எது வந்தாலும் சரி. சந்தேகம் வந்தால் இதைப் போடுங்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. ‘சூஸ் பிட்வீன் டீ ஆர் காஃபி’ தவறு. பிட்வீன் வந்தால் ‘அண்ட்’தான். இரண்டாவது எழுத்துப்பிழை: நிகழ்காலத்தில் ஆங்கில ‘ஓ’ இரண்டு, இறந்தகாலமான ‘சோஸ்’ வடிவில் ஒன்று. தொலைத்தலைக் குறிக்கும் ‘லூஸ்’ ஒரே ‘ஓ’வோடு நெடிலாக ஒலிப்பதால், அதைப் பார்த்து சூஸையும் ஒரே ‘ஓ’வோடு எழுதிவிடுகிறார்கள்; கணினியின் எழுத்துச் சரிபார்ப்பானும் இதைப் பெரும்பாலும் பிடிக்காது, ஏனென்றால் அதுவும் முறையான சொல்தான்.

செலக்ட் கொஞ்சம் சட்டை இஸ்திரி போட்ட சொல். நிறைய இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுக்கிறோம்: அணி வீரர்கள், ஆய்வுக்கான மாதிரிகள், பணிக்கு வந்த விண்ணப்பங்கள். டார்வின் 1859இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இயற்கைத் தேர்வுக்கு வைத்த பெயர் ‘நேச்சுரல் செலக்‌ஷன்’. இதற்குள்ள தடை ஒன்று: நம் சொந்த முடிவைச் சொல்ல ‘டு’ சேர்க்க முடியாது. ‘ஐ செலக்டட் டு ஸ்டே’ ஆங்கிலமே இல்லை.

பிக் பேச்சு மொழி. கையை நீட்டி எடுக்கிற வேகம் அதில் இருக்கிறது. பூப்பறிப்பதற்கும் அதே வினைதான். அலுவலகக் கடிதத்தில் தவிர்க்கலாம், நண்பருக்கு எழுதும்போது செலக்ட்டைவிட இதுவே இயல்பு. நம் ஆட்கள் இதில் விடுவது ‘அப்’. ‘உன்னை பிக் பண்ண வர்றேன்’ என்று பேசிப் பழகி, ஆங்கிலத்திலும் ‘ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்’ என்று எழுதினால் ‘ஆறு மணிக்கு உன்னைத் தேர்ந்தெடுப்பேன்’ என்றாகிவிடும். வண்டியில் ஏற்றிக்கொள்வது ‘பிக் அப்’. போனை எடுப்பதும் அப்படியே. ‘பிக் ஆன்’ என்றால் ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. அதற்கும் தேர்வுக்கும் சம்பந்தமே இல்லை.

எலக்ட் வாக்குப்பதிவோடு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘டு’ சேர்ந்தால் மட்டும் ‘முடிவெடுத்தார்’ என்ற சம்பிரதாயமான பொருள் தரும்.

எலக்ட்டையும் சேர்த்து எல்லோரையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்திப் பார்க்க கிரிக்கெட் டாஸ் வசதியானது. டாஸில் வென்ற கேப்டன் ‘சோஸ் டு பேட்’, ‘ஆப்ட்டட் டு பேட்’, ‘எலக்டட் டு பேட்’ மூன்றும் சரி. ‘செலக்டட் டு பேட்’ சரியில்லை. அதையே ‘வாஸ் செலக்டட் டு பேட்’ என்று மாற்றினால் இலக்கணம் தேறிவிடும், ஆனால் கதை வேறு: வேறு யாரோ அவரைத் தேர்ந்தெடுத்து இறக்கினார்கள். பிக்கும் இப்படித்தான்.

பெயர்ச்சொற்களில் குழப்பம் குறைவு. ஆப்ஷன் என்பது முன்னால் இருக்கும் வாய்ப்பு, சாய்ஸ் என்பது பெரும்பாலும் எடுத்த முடிவு, சில சமயம் வாய்ப்பும்தான். ‘ஹாப்சன்ஸ் சாய்ஸ்’ என்பதை ‘இரண்டும் கெட்ட நிலை’ என்று பலர் எழுதுகிறார்கள். 1631இல் இறந்த கேம்பிரிட்ஜ் குதிரைக்காரர் தாமஸ் ஹாப்சன், லாயக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரையைத்தான் வாடகைக்குக் கொடுப்பாராம். எடு அல்லது போ. அங்கே இருப்பது ஒரே வழி, இரண்டல்ல.

செயலித் திரைகளுக்கு வாசகம் எழுதுபவர்களுக்குத் தனிக் கணக்கு. ஆப்பிள் நிறுவனத்தின் நடைக் கையேட்டின்படி மெனுவில் உள்ள கட்டளைக்கு சூஸ், திரையில் தேர்ந்து ஒளிரவைக்கும் பொருளுக்கு செலக்ட். மைக்ரோசாஃப்ட் கையேட்டில் மெனு, பொத்தான் எல்லாவற்றுக்குமே செலக்ட்; பயனர் தன் விருப்பப்படி முடிவெடுக்கும் இடத்துக்குத்தான் சூஸ். ஒரே செயலியில் இரண்டு முறையையும் கலந்தால், பயனர் பொத்தானை அழுத்த வேண்டுமா, யோசித்து முடிவெடுக்க வேண்டுமா என்று தடுமாறுவார்.