தானா பிசிக்ஸ் படிக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்: வீடியோவா, ஃபைன்மேனா, டெக்ஸ்ட்புக்கா?

ப்ளாக் ஹோல், பிக் பேங்னு பார்த்து ஆசை வந்து அஸ்ட்ரோபிசிக்ஸ் படிக்க வர்றவங்க நிறைய பேரு. பாப்புலர் சயின்ஸ் வீடியோ அந்த ஆசையை வளர்க்கும், அதோட சரி. பார்க்கும்போது எல்லாம் புரியும், பேப்பர எடுத்து ஒரு கணக்கு போடுன்னா கை நகராது. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் (அமெரிக்காவோட எம்ஐடி காலேஜ் தன்னோட பாடங்களைப் போடுற வெப்சைட்) மாதிரி காலேஜ் லெக்சர்னா வேற கதை, ஏன்னா நிறைய கோர்ஸ்ல ப்ராப்ளம் செட்டும் பரீட்சைத் தாளும் சேர்ந்தே இலவசமா கிடைக்குது.

அடுத்தது எல்லாரும் சொல்ற, பிசிக்ஸ் விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மேனோட ஃபைன்மேன் லெக்சர்ஸ். 1961லேர்ந்து 63 வரைக்கும் அமெரிக்காவுல கால்டெக் காலேஜ்ல அவரு எடுத்த கிளாஸ், மூணு வால்யூம், நெட்லயே இலவசமா படிக்கலாம். ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்குன்னு யோசிக்க வைக்கிறதுல எனக்குத் தெரிஞ்சு இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா அத்தியாயம் முடிஞ்சதும் போட்டுப் பார்க்க கணக்கு இருக்காது, அதனால முதல் புக்கா இத எடுக்காதீங்க, மெக்கானிக்ஸ் (விசை, இயக்கம் பத்தின பாடம்) ஒரு தடவை முடிச்சுட்டு வந்து படிங்க, அப்பதான் அதோட அருமை தெரியும்.

என் ஓட்டு, இலவச டெக்ஸ்ட்புக் போடுற ஓப்பன்ஸ்டாக்ஸோட யூனிவர்சிட்டி பிசிக்ஸ் புக்குக்குத்தான். இலவசம், போட்டுக் காட்டின உதாரணம் இருக்கு, ஒற்றைப்படை நம்பர் கணக்குக்கெல்லாம் பின்னாடி விடை இருக்கு, தனியா படிக்கிறவங்களுக்கு சரியா தப்பான்னு சொல்ல பக்கத்துல ஆள் இல்லாததால இது ரொம்பப் பெரிய விஷயம். இதுக்கு கால்குலஸ் வேணும், அது இன்னும் வரலைன்னா ஓப்பன்ஸ்டாக்ஸோட காலேஜ் பிசிக்ஸ் புக்குக்கு அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியுமே போதும், கால்குலஸை பக்கத்துலயே ஓட்டிக்கலாம்.

நேரா அஸ்ட்ரோபிசிக்ஸ்ல குதிச்சா என்னன்னு கேப்பாங்க. அங்க இருக்கிறதுல பாதி மெக்கானிக்ஸ்தாங்க! பூமி சூரியனை செகண்டுக்கு சுமார் 30 கிமீ வேகத்துல சுத்துது, தூரம் 15 கோடி கிமீ. வட்டத்துல சுத்த வைக்கிற விசையும் ஈர்ப்பு விசையும் ஒண்ணுதான்னு எழுதினா பூமியோட நிறை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும், மிச்சம் இருக்கிறதுல வேகத்தோட வர்க்கத்தை தூரத்தால பெருக்கி ஈர்ப்பு மாறிலியால வகுத்தா (எல்லாத்தையும் மீட்டர்ல மாத்திக்கோங்க) 2×10³⁰ கிலோ வரும், அதான் சூரியனோட நிறை. இதே சமன்பாட்டுப்படி கேலக்ஸியோட ஓரத்துக்குப் போகப் போக அங்க சுத்துறதோட வேகம் குறையணும், ஆனா வேரா ரூபின், கென்ட் ஃபோர்டுன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1970ல ஆண்ட்ரோமிடா கேலக்ஸியை அளந்தப்ப அப்படிக் குறையல, டார்க் மேட்டருக்கு (கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பு மட்டும் காட்டுற பொருள்) முக்கியமான ஆதாரத்துல அதுவும் ஒண்ணு. இந்த ஒரு வரிய நீங்களே போட்டிருந்தாதான் அவங்க பார்த்தது எவ்ளோ பெரிய விஷயம்னு உறைக்கும்.

ஆசை அடங்கலைன்னா ஓப்பன்ஸ்டாக்ஸ் அஸ்ட்ரானமியை ராத்திரி கதை மாதிரி படிங்க, அதுல கணிதம் கம்மிதான். கேரல்-ஆஸ்ட்லி மாதிரி கனமான அஸ்ட்ரோபிசிக்ஸ் புக்கை மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், கொஞ்சம் வெப்பவியல் முடிச்ச பிறகு தொறங்க.